நீ அனுப்பிய காற்றுப் பக்கம்

தினேசு, என் செல்லத் தடிப்பயலே,

உனக்கு எழுதி எங்கே அனுப்புவது என்று தெரியாமலேதான் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் நம் ஊரில் நடந்ததை யார் யாரிடமோ சொல்லிவிட்டேன். டிவிக்காரர்கள்கூடக் கேட்டுக்கொண்டு போனார்கள். உன்னிடம் சொல்லாமல் இருந்தால் எனக்கு ஆறாது.

உனக்குத்தான் தெரியுமே, இணையத்தில் எனக்குப் பிடித்ததெல்லாம் பிழைப்புக்கு உதவுகிற பக்கங்கள். படத்தைச் சுருக்கித் தருவது, ஒரு நிறத்தைக் காட்டினால் அதன் எண்ணைச் சொல்வது, பழைய எழுத்துருவில் இருக்கிற தமிழை யூனிகோடாக மாற்றுவது. வெப்சைட் கட்டுகிறவளுக்கு இவையெல்லாம் அரிவாள்மனை, அம்மிக்கல் மாதிரி. நீ அனுப்பியதெல்லாம் வேறு ஜாதி. அழுத்தினால் ஒன்றுமே நடக்காத பொத்தான். மவுஸ் போகிற பக்கமெல்லாம் ஓடுகிற பூனை. உருண்டையைச் சுழற்றி எந்த ஊரைத் தொட்டாலும் அந்த ஊர் ரேடியோ பாடுகிற பக்கம். எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கிற கப்பல்களைக் காட்டுகிற பக்கம். ஷிப்ட் இடைவேளையில் டீ குடித்துக்கொண்டே அனுப்புவாய். "அக்கா, வேலைய ஓரமா வெச்சிட்டு இத்தப் பாரு." நான் திட்டிப் பதில் போடுவேன். அந்தத் திட்டுக்காகவே அடுத்ததை அனுப்புவாய்.

அன்றைக்குக் காலை பதினொரு மணி இருக்கும். ஒரு கடைக்காரருக்கு அவருடைய பக்கத்தைப் போனில் காட்டிக்கொண்டிருந்தேன். கிழக்கே திம்மென்று ஒரு சத்தம். மேஜை அதிர்ந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கம்பெனிகள் இருக்கிற பக்கம் வெள்ளையாக ஒரு புகை எழும்பி, கடல் பக்கமாகச் சாய்ந்து போனது.

தெரு வாட்ஸப் குழுவில் உடனே வந்துவிட்டது. கேஸ் கசிகிறதாம். கம்பெனியை ஒட்டித் தெற்கே போகிற ரோட்டைப் போலீஸ் அடைத்துவிட்டதாம். கீழேயே இன்னொருவர் எழுதியிருந்தார்: காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது, நமக்குப் பயமில்லை, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருங்கள். எல்லோரும் கைகூப்பிய படம் போட்டார்கள்.

நான் மட்டும் போடவில்லை; காற்று அப்படியே நிற்குமா என்று பார்க்க நினைத்தேன். காற்றைக் காட்டுகிற பக்கம் ஒன்று அனுப்பியிருந்தாயே, நினைவிருக்கிறதா? வரைபடத்தின் மேல் கோடு கோடாகக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். "காத்துக்கு ரூட்டு மேப்பு" என்று எழுதியிருந்தாய். அதன் பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை. நம் சாட்டில் தேடினால்தான் கிடைக்கும்.

நீ போன பிறகு அந்த சாட்டை நான் திறந்ததே இல்லை, தினேசு.

திறந்தேன். கடைசியில் "ஊட்டுக்குக் கெளம்பிட்டேன்" என்று நின்றது. அதைப் பார்க்காதது போல விரலை வேகமாக மேலே தள்ளினேன். பூனை, கப்பல், பாப்பாவின் போட்டோ, மறுபடி பூனை. கண்ணீர் மறைத்தது. துடைத்துக்கொண்டு தள்ளினேன். கிடைத்தது.

அந்த நேரத்துக் கோடுகள் எல்லாம் நம் ஊரிலிருந்து கடலை நோக்கி ஓடின. குழுவில் சொன்னது சரிதான். கீழே இருந்த நேரப் பட்டையை அடுத்த மணிநேரத்துக்கு நகர்த்தினேன். கோடுகள் தயங்கின, சுழன்றன. அப்புறம் மொத்தமாகக் கடலிலிருந்து கம்பெனி மேலேறி நம் தெருவுக்குள் வந்தன.

கம்ப்யூட்டர் போடுகிற கணக்கு தப்பலாம். அதை நம்பி ஊரைக் கிளப்புவதா? மாடிக்கு ஓடினேன். கொடியில் உன் பெண்டாட்டி கௌரியின் புடவை கிழக்குப் பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்கவே படபடப்பு குறைந்தது. தொங்கி, ஆடாமல் நின்றுவிட்டது.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

"அம்மா, கெளம்பு. வடக்கால போயிடணும். காத்து திரும்பப் போவுது."

அம்மா முறத்தைக் கீழே வைக்கவில்லை. "இன்னாடி பேஜாரு பண்ற? வாசனையே வரல. இன்னாத்துக்கு ஊட்ட உட்டுட்டு ஓடணும்?"

"வாசனை வந்தப்புறம் ஓட முடியாதும்மா."

"வடக்கால இன்னா இருக்குது? எளாவூர் ரோடுதான்?" அம்மாவின் குரல் கீழே இறங்கியது. "அந்த ரோட்டுல நான் வரமாட்டேன். நீங்க போங்க."

உன்னை லாரி அடித்த நாளிலிருந்து அம்மா அந்த ரோட்டில் பஸ் ஏறியதில்லை. தெற்கே போகிற வழியைப் போலீஸ் அடைத்தாகிவிட்டது. மேற்கே போனால் காற்று பின்னாலேயே வரும்.

கௌரி உள்ளேயிருந்து வந்தாள். உன் மகள் யாழினியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். துண்டுகளைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். பிறகு அம்மாவுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"அத்தே, அவரு போன ரோட்டுல நான் மட்டும் ஆசைப்பட்டா போறேன்? பாப்பா இருக்குது. ஏறுங்க."

அம்மா எழுந்துவிட்டாள், தினேசு. முறத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு.

எதிர்வீட்டு மூர்த்தி மாமா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் சிரித்தார். "செல்லுல காத்து தெரியுதா? இன்னும் இன்னா இன்னா தெரியும்?" நான் போனைக் காட்டவில்லை. மாடியைக் காட்டினேன். அசையாமல் தொங்குகிற புடவையை அண்ணாந்து பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது. "ஆமா, கடல்காத்து ஏறுற நேரம்தான்," என்றவர், ஆட்டோவில் உட்கார்ந்து ஹாரனை அழுத்தினார். தெரு முழுக்க வெளியே வரும்வரை கையை எடுக்கவில்லை.

பாதிப் பேர் கிளம்பினார்கள். மீதிப் பேர் "சும்மா பயமுறுத்தாதம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போகிறோமே என்று கால் நகரவில்லை. மாமா கத்தினார், ஏறிவிட்டேன்.

ஊர் எல்லையைத் தாண்டும்போது நெடி மூக்கில் ஏறியது. பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்த மாதிரி. யாழினி இருமினாள். கௌரி ஈரத் துண்டைப் பிள்ளையின் முகத்தில் போட்டு அணைத்துக்கொண்டாள். "மாமா, சீக்கிரம் போங்க" என்று நானும் "பேசாத, வாய மூடு" என்று அவரும் மாறி மாறிக் கத்தியபடியே ஹைவேயில் ஏறினோம். லாரிகள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. அந்த இடம் வந்தபோது அம்மா கண்ணை இறுக்க மூடி கௌரியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கௌரி மூடவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எளாவூரில் ஒரு கல்யாண மண்டபத்துக் காவல்காரர் எங்களைப் பார்த்து வாசற்கதவைத் திறந்துவிட்டார். அங்கே உட்கார்ந்தபடி தெருவில் இருந்தவர்களுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தோம். யாரும் எடுக்கவில்லை. அந்த நேரத்தை எப்படிக் கடந்தோம் என்று என்னைக் கேட்காதே. ஒருவழியாக ஒருவர் எடுத்தார். கண்ணெரிச்சல், வாந்தி, ஆம்புலன்ஸ் வந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகிறது என்றார். இப்போது எல்லோரும் பிழைத்து வீடு வந்துவிட்டார்கள். உயிர் ஒன்றும் போகவில்லை என்று அன்றைக்கே அவர் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் மூர்த்தி மாமா தண்ணீர் குடித்தார்.

சாயங்காலம் போலீஸ் திரும்பலாம் என்றது. வரும் வழியில் அம்மா தானாகவே சொன்னாள்: "மூர்த்தி, அந்த எடத்துல கொஞ்சம் நிறுத்து."

இறங்கினாள். ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, நிற்காமல் போகிற லாரிகள். வேறு ஒன்றும் இல்லை அங்கே.

"இங்கதானா?" என்றாள். கௌரி தலையசைத்தாள்.

அம்மா ரோட்டைப் பார்த்துத் திரும்பினாள். "இவ்ளோ எரைச்சல்ல எம்புள்ள கூப்பிட்டிருந்தாக்கூட யாருக்குக் கேட்டிருக்கும்?" என்றாள்.

கூப்பிட்டாயா, தினேசு?

இப்போது இங்கே இருக்கிற நிலையைச் சொல்கிறேன். கம்பெனி மறுபடி ஓடுகிறது. சிறிய கசிவுதான் என்று சொல்லிவிட்டார்கள். என்ன கேஸ் என்று கேட்டால் மேலிடத்தில் கேளுங்கள் என்கிறார்கள். கௌரியும் நானும் தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் அபாயச் சங்கு ஒன்று வைக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். தண்ணீர்த் தொட்டி மேல் காற்றின் திசை காட்டுகிற துணிப்பை ஒன்றும் கேட்டிருக்கிறோம். அதிகாரி "பார்க்கலாம்" என்றார். கௌரி நாற்காலியைவிட்டு எழவில்லை. "எப்ப பாப்பீங்க சார்?" என்று கேட்டாள். அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும்.

நானும் ஒரு பக்கம் செய்துகொண்டிருக்கிறேன். காற்று எங்கிருந்து வருகிறது, கசிந்தால் எந்த வழியில் போக வேண்டும் என்று தமிழில், பெரிய எழுத்தில். அவ்வளவுதான். பூனை கிடையாது. "செம போரு அக்கா" என்பாய். சொல்லிக்கொள்.

இதை எழுதும்போது காற்று கிழக்கிலிருந்து வருகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். யாழினி பக்கத்தில் தூங்குகிறாள். அந்தச் சங்கு ஏறும்வரை அந்த ஆபீஸ் படியை நாங்கள் விடமாட்டோம். உன் பிள்ளை இந்த ஊரில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்க வேண்டும். அதுவரை நான் ஓய மாட்டேன், இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன்னைத் திட்டிக்கொண்டே இருந்த,
உன் ஒரே அக்கா
சுமதி