சாமியறையில் துறைமுக அரசர்

என் அன்பு அப்பா,

ஒரு நல்ல செய்தி. ரூஜ் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வர அம்மா சம்மதித்துவிட்டார். நீங்கள் கண்ணை மூடியபிறகு உங்கள் மில்லிக்கன் பகுதி வீட்டில் தனியே இருந்து, குளியலறையில் வழுக்கி விழுந்தும் அங்கிருந்து அசையாத மனுசி! எப்படிச் சம்மதித்தார் என்று கேட்கமாட்டீர்களா? எல்லாம் உங்கள் அரசரால்தான்.

நீங்கள் துபாயில் வேலை முடிந்து வரும்போது கொண்டுவந்த அந்த ஊர் அரசரின் படம், அப்பா. வெள்ளைத் தலைத்துணி, குறுந்தாடி, சிரிக்காத முகம். அம்மா அதை முருகனுக்குப் பக்கத்தில் மாட்டி, வெள்ளிக்கிழமைகளில் கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைப்பார். ஒருமுறை பக்கத்து வீட்டு அன்ரி, "உவர் எந்தச் சாமியார்?" என்று கேட்டுக்கொண்டே கும்பிட்டும் விட்டார். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

அவரைப்பற்றிப் பேசத் தொடங்கினால் உங்களை நிறுத்த முடியாது. மணல் மூடிப் படகு தட்டிய கடற்கழியைக் கடன்பட்டு ஆழமாக்கினாராம். இவ்வளவு கப்பல் எங்கே வரப்போகிறது என்று பிறர் சந்தேகப்பட, பெரிய துறைமுகமும் கட்டினாராம். உலகத்துச் சரக்கெல்லாம் அங்கே இறங்கி ஏறியதாம். அந்தச் சரக்கைக் கிரேனில் தூக்கியவர் நீங்கள். எனக்கோ அவர்மேல் கோபம்தான். சின்ன வயதில் உங்கள் குரல் எனக்கு நீங்கள் பேசி அனுப்பிய கசெட்டில்தானே வந்தது?

அம்மாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று. அந்தப் படம் என் வீட்டுச் சாமியறையில் இருக்கவேண்டும். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"உந்த மனுசன் உங்களுக்கு என்னம்மா செய்தவர்? அப்பாவைப் பிடிச்சு வச்சிருந்ததுதானே?"

"ஓம். வச்சிருக்கிறவரிட்டத்தானே கேக்கவேணும்? என்ரை மனுசனைத் திருப்பி அனுப்பிவிடு ராசா எண்டு வெள்ளிக்கு வெள்ளி கேட்டனான். அனுப்பினவர்தானே!"

அப்பா, இது உங்களுக்குத் தெரியுமா? சோறு போட்டவருக்கு நன்றி சொல்கிறாள் என்றுதானே நீங்கள் பெருமைப்பட்டீர்கள்?

"அப்ப இப்ப ஏனம்மா பொட்டு வைக்கிறியள்?"

அம்மா படத்தின் தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"இப்பவும் அதைத்தான் கேக்கிறன், பிள்ளை."

என் வீட்டுச் சாமியறையில் அந்தப் படத்தை மாட்ட, அன்றே சுத்தியலும் ஆணியும் எடுத்துவைத்தேன்.

அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அப்பா. இனித் தனியே விடமாட்டேன். வெள்ளிக்கிழமை சந்தனத்தை நானே குழைத்துக் கொடுப்பேன். அம்மா கேட்கும்போது பக்கத்தில் நின்று, நானும் அதையே கேட்பேன்.

உங்கள் மூத்தவள்