அப்பாவின் எண்ணூறு புத்தகங்கள்

ரூவான், 4 நவம்பர் 1685

அன்புத் தம்பி ஜெதெயோனுக்கு,

லெய்டனில் குளிர் ஆரம்பித்திருக்கும், கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. ஆறு வாரமாக ஒரு வரி இல்லை. அவ்வளவு படிப்பா?

அரசரின் உத்தரவென்று நம் வீட்டில் ஏழு குதிரை வீரர்களைக் குடிவைத்திருக்கிறார்கள். நம் புராட்டஸ்டன்ட் மதத்தை விட்டுக் கத்தோலிக்கராகிவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் போவார்களாம். "பேனா என்ன அவ்வளவு பாரமா அம்மணி?" என்று கேலி செய்கிறான் அவர்கள் தலைவன். நேற்று அப்பாவின் எண்ணூறு புத்தகங்களில் தாத்தா சேர்த்த மூலிகை நூலைக் கிழித்து அடுப்பு மூட்டினார்கள். "ஒண்ணைக்கூட விட்டுடாதேம்மா" என்று அப்பா சாகும்போது என் கையைத்தானே பிடித்தார்? நான் என்ன செய்யட்டும்?

உன் அக்கா,
எஸ்தெர்

லெய்டன், 16 நவம்பர்

என் அக்காவுக்கு,

எரிந்தால் எரியட்டும். நீ வந்தால் போதும். டிசம்பர் ஐந்தாம் தேதி தியெப் துறைமுகத்தில் மீனவர் அப்ரகாம் உன்னை ரகசியமாக இங்கே அழைத்துவரப் படகோடு காத்திருப்பார். நம்மவர், நம்பலாம். கையெழுத்து மட்டும் போடாதே.

ஜெதெயோன்

ரூவான், 20 டிசம்பர்

தம்பி,

உன் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ பிறந்த நாளை அம்மா எழுதிவைத்த வேதாகமத்தை ஒருவன் நெருப்பருகே கொண்டுபோனான். "விடுங்கப்பா, போட்டுத் தொலைக்கிறேன்" என்றேன். அன்றே போய்விட்டார்கள்.

இவ்வளவு விலை கொடுத்த பிறகு புத்தகங்களை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. ஐந்தாம் தேதி அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் தேதி பங்குச்சாமியார் வந்தார். "மதம் மாறினவங்க வீட்ல பழைய விஷம் இருக்கலாமா?" என்றார். ஒன்றை எடுத்து, "இது என்ன பாஷை?" என்றார். கிரேக்க மருத்துவம் என்றேன். "புரியலை. அப்ப இதுவும் போகட்டும்." எல்லாவற்றையும் மூன்று வண்டியில் ஏற்றிப்போனார்கள். சந்தைச் சதுக்கத்தில் மத்தியானம் வரை எரிந்தது.

ஞாயிறுதோறும் அவர்கள் கோயிலில் முழங்காலிடுகிறேன். போகாவிட்டால் வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள். வேறு படகு கிடைக்குமா? திட்டியாவது எழுது.

எஸ்தெர்

லெய்டன், 14 ஜனவரி 1686

எஸ்தெர் அவர்களுக்கு,

அப்ரகாம் உங்களுக்காக மூன்று நாள் துறையிலேயே காத்திருந்தார். நம்மவர்களைத் தப்பவைக்கிறார் என்று நான்காம் நாள் காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். சாகும்வரை அரசரின் கப்பலில் துடுப்பு வலிக்கத் தண்டனை. அவர் மனைவி இங்கே வந்துவிட்டாள். வழிபாட்டில் எனக்கு முன்வரிசையில் உட்காருகிறாள். "உங்க அக்கா பத்திரமா வந்துட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கு அக்கா யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இனி எழுத வேண்டாம்.

ஜெதெயோன்