ஒன்பதாம் கேள்வியில் அத்தான்

பிப்ரவரி 3, சனி

இன்று சலவைக்கடையை ஒட்டி நாங்கள் சனிக்கிழமைதோறும் இலவசமாக நடத்தும் பழுதுபார்க்கும் அறையில் மூன்று ஃபேன், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு ரேடியோ பிழைத்தன. மிக்ஸி ஒன்று கைவிட்டுவிட்டது. அதைக் கொண்டுவந்த அம்மாள் எலக்ட்ரீஷியனை முறைத்த முறைப்பில் அவருக்கே கொஞ்சம் ஷாக் அடித்திருக்கும்.

அறைக்குத்தான் ஆயுசு கெட்டியில்லை. சலவைக்கடைக்கார அம்மா, "மே மாசத்திலிருந்து வாடகை கொடுங்க, இல்லேன்னா காலி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். நேற்று பள்ளி ஆபீஸில் தபால் பிரிக்கும்போது ஒரு சுற்றறிக்கை கண்ணில் பட்டது. வன்முறையையும் பயங்கரவாதத்தையும் தடுக்கும் சமூகப் பணிகளுக்கு அரசு மானியமாம். எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன்.

"ஃபேன் ரிப்பேருக்கும் பயங்கரவாதத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"போன வருஷம் நம்ம ரெண்டு தெருவும் கல்லெறிஞ்சுக்கிட்டப்புறம், ரெண்டு தெருக்காரங்களும் ஒரே மேஜையில உட்கார்ற இடம் இது ஒண்ணுதானேண்ணே."

கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். "நிஜம்தான். ஆனா அதை இருநூறு வார்த்தையில எப்படி எழுதுவீங்க?"

அதுதானே.

பிப்ரவரி 6

படிவம் இருபத்திரண்டு பக்கம். ஏழாம் கேள்வி: "கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் அமைப்பு தடுத்த வன்முறை நிகழ்வுகள் எத்தனை? ஆதாரம் இணைக்கவும்."

நடக்காத சண்டைக்கு எங்கே போய் ரசீது வாங்குவேன்? அக்காவைக் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "எதுவும் நடக்கலைன்னு எழுது. நடக்கலைதானே?" என்றாள். அக்காவை மந்திரியாக்கினால் நாட்டில் படிவமே இருக்காது.

பிப்ரவரி 10, சனி

அத்தான் இன்றும் அறைக்கு வரவில்லை. நவம்பரோடு நிறுத்திவிட்டார்.

அத்தானை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பயமாகவும் இருக்கிறது. அச்சகத்தில் இருபத்தாறு வருஷம் மெய்ப்புத் திருத்தியவர். இந்த வீட்டில் சிவப்பு மை படாமல் ஒரு காகிதமும் வாசல் தாண்டியதில்லை. நான் எழுதும் லீவு லெட்டரில் காய்ச்சலைக்கூடத் திருத்துவார்: "நூற்றிரண்டுன்னு போட்டிருக்கே, தெர்மாமீட்டர்ல நூத்தொண்ணுதானே இருந்துச்சு?" எட்டு மாதத்துக்கு முன்னால் அச்சகத்தை மூடினார்கள். அதிலிருந்து போனும் கையுமாக இருக்கிறார். ஏதோ ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறார். நாள் முழுக்க அதிலிருந்து வீடியோ. எல்லாவற்றிலும் ஒருவர் கத்துகிறார். வாய்க்காலுக்கு அந்தப்பக்கத் தெருக்காரர்கள்தான் எல்லாவற்றுக்கும் காரணமாம். அச்சகம் மூடியதற்கும்கூட.

நேற்று ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எந்தத் தெருக் கடையில வாங்கினது?" என்று கேட்டார். அக்கா, "அடுப்புல சுட்டது. சாப்பிடுங்க" என்றாள்.

எலக்ட்ரீஷியன் அந்தப்பக்கத் தெரு. அதனால்தான் அறைக்கு வருவதில்லை. முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் அத்தானை அவர் கடை ஸ்டூலில்தான் தேட வேண்டும்.

பிப்ரவரி 12

ஒன்பதாம் கேள்வி: "உங்கள் பணியால் மீட்கப்படக்கூடிய ஒருவரை, அடையாளம் தெரியாதபடி, விவரிக்கவும்."

என்ன செய்வது, கை தானாகவே எழுதிவிட்டது. அச்சகத்தை பேக்கரி ஆக்கினேன். ஐம்பத்து மூன்று வயதை ஐம்பதாக்கினேன். "கோபக்காரர். யாரிடமும் பேசுவதில்லை. மனைவி தையல் வேலை செய்கிறார்." நர்ஸ் அக்காவுக்கு ஊசியாவது மிஞ்சட்டும் என்று.

எலக்ட்ரீஷியன் படித்துப் பார்த்தார். "இந்த பேக்கரிக்காரர் கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு அதைத்தான் வீடு பூரா தேடுவாரோ?" என்று கேட்டார். நான் படிவத்தை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

பிப்ரவரி 13

அனுப்பிவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக அத்தானுக்குக் காட்டாமல் ஒரு காகிதம். திருடியதுபோல இருக்கிறது.

பிப்ரவரி 27

திரும்பி வந்துவிட்டது. பதினோராம் பக்கத்தையே காணோமாம், ஏகப்பட்ட பிழைகளாம். திருத்தி மார்ச் 8-க்குள் மறுபடி அனுப்பச் சொல்லி மானிய அதிகாரி போன் செய்தார். நல்ல பெண். "அடுத்த தடவை யார்கிட்டயாவது ஒரு தடவை கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்க மேடம்" என்றார். வீட்டிலேயே ஆள் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வேன்.

மார்ச் 1, வெள்ளி

ஐயோ அக்கா. அக்கா. உன்னை என்ன செய்ய.

பள்ளியிலிருந்து வந்தால் படிவம் என் மேஜையில் இல்லை. "அவர் சும்மாதானே உட்கார்ந்திருக்கார்? திருத்தட்டுமேன்னு கொடுத்தேன். உனக்கும் உதவி, அவருக்கும் பொழுது போகும்ல?" என்கிறாள். ஒரு வரிகூட அவள் படிக்கவில்லை. நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். கையில் இருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

மாடி அறைக் கதவு சாத்தியிருக்கிறது. போன் சத்தம் இல்லை. நான் ஏன் பேக்கரி என்று எழுதினேன்? நேராகப் போய்ப் பேசியிருக்கலாமே. சொந்த அத்தானிடம் பேச வாய் வராமல் அரசாங்கத்திடம் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 2, சனி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மதியம் அறையிலிருந்து வந்தேன். படிவம் என் மேஜைமேல் இருந்தது. எட்டாம் கேள்விவரை வழக்கமான சிவப்பு. ஒன்பதாம் கேள்வியிலும் திருத்தியிருந்தார். பேக்கரியை அடித்துவிட்டு "அச்சகம்". ஐம்பதை அடித்து "53". தையலை அடித்து "நர்ஸ்". "யாரிடமும் பேசுவதில்லை" என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "யாரும் பேச வருவதில்லை என்பதே சரி. வேலை போனபின் பேச வந்தவர்கள் அந்தக் குழுவினர் மட்டும்." கோபக்காரரை மட்டும் அப்படியே விட்டிருந்தார். சிரித்தேன், அழுகையும் வந்தது.

கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் இது இருந்தது:

"விடுபட்டது. குழுவில் ஒரு துண்டுப் பிரசுரம் அனுப்பித் திருத்தித் தரச் சொன்னார்கள். அந்தப்பக்கத் தெருவில் பதினோரு கடைகள். உரிமையாளர் பெயர், கதவு எண், 'எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை பாடம் புகட்டுவோம்' என்ற வரி. எலக்ட்ரீஷியன் கடை எண் 14 என்று இருந்தது. 41 என்று திருத்தினேன். புதன்கிழமை அனுப்பிவிட்டேன்."

மாடிக்கு ஓடினேன். அக்கா ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள். அத்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தப்பா இருந்துச்சு. திருத்தினேன். அந்த நிமிஷம் அவ்வளவுதான் தோணிச்சு" என்றார்.

"அத்தான், அது அவர் கடை."

"தெரியும். பத்து வருஷம் அங்க உட்கார்ந்திருக்கேன். அதனாலதானே நம்பர் தெரியும்."

இதைச் சொல்லிவிட்டு அவரே அந்த வார்த்தையில் உறைந்துபோய்விட்டார். எனக்கு அவரை அடிக்கவேண்டும்போல இருந்தது. நிஜமாகவே.

அக்கா கத்தவில்லை. செருப்பை மாட்டினாள். "எந்திரிங்க. அவர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. அவ சொல்லக்கூடாது, நானும் சொல்லமாட்டேன்."

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கிறது ஒரு மூஞ்சிதானே. அதையே வெச்சுக்கிட்டு வாங்க."

மூன்று மணி வெயிலில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போனோம். எலக்ட்ரீஷியன் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். அத்தான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், 14-ஐ 41 ஆக்கியதையும். எலக்ட்ரீஷியன் திருப்புளியைக் கீழே வைக்கவே இல்லை.

"வேற எந்தெந்தக் கடை?"

அத்தான் பத்தையும் ஒப்பித்தார். பெயர், எண், ஒன்று தவறாமல்.

எலக்ட்ரீஷியன் ஷட்டரை இறக்கினார். நால்வரும் போலீஸ் ஸ்டேஷன் போனோம். வழியில் அவர் அத்தானைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே எழுதி வாங்கினார்கள். எழுதிக்கொண்டவர் போட்ட தேதி தவறாக இருந்தது. அத்தான் அதைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் எவ்வளவு உடைந்துபோயிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

மார்ச் 5

குழு நடத்திய இரண்டு பேரைப் பிடித்துவிட்டார்களாம். அச்சடித்த கட்டுகள் ஒருவன் வீட்டுப் பரண்மேல் இருந்தனவாம். அத்தானையும் நாள் முழுக்க விசாரித்தார்கள். சாட்சியாக வைத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். அக்கா டியூட்டிக்கு லீவு போட்டுவிட்டு வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 8, வெள்ளி

ஒன்றும் நடக்கவில்லை.

காலையிலிருந்து பாலத்தில் போலீஸ் வேன் நின்றது. பாதிக் கடைகள் மூடியிருந்தன. எலக்ட்ரீஷியன் கடை திறந்திருந்தது. சாயங்காலம் வேனிலிருந்து ஒரு போலீஸ்காரர் இறங்கி நேராக அவர் கடைக்குப் போனார். எனக்கு உயிரே போய்விட்டது. எரியாத டார்ச்சைச் சரிபண்ணக் கொடுத்தாராம்.

மானியத்துக்கும் இன்றுதான் கடைசி நாள். ஏழாம் கேள்விக்கு "ஒன்று" என்று எழுதினேன். ஆதாரம்: "வழக்கு நடப்பதால் இணைக்க இயலாது." ஒன்பதாம் கேள்வியில் யாரை எழுதுவது என்று அத்தானையே கேட்டேன். "பேக்கரிக்காரரே இருக்கட்டும்" என்றார். மூன்று மாதத்தில் அவர் சொன்ன முதல் ஜோக். அவரே சிரிக்கவில்லை.

மார்ச் 23, சனி

அத்தான் அறைக்கு வந்தார். கடைசி மேஜையில் உட்கார்ந்து பழைய சுவர்க் கடிகாரம் ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன் என்னைக் கூப்பிட்டு, "அந்த மேஜையில இருக்கிற சின்னத் திருப்புளியைக் கொடுக்கச் சொல்லுங்க" என்றார். மேஜை நாலடி தூரம். நான் போய்ச் சொன்னேன். அத்தான், "எந்தச் சின்னதுன்னு கேளு" என்றார். திரும்ப வந்து கேட்டேன். ஒரே பாஷை பேசும் இரண்டு ஆண்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருப்பதற்கும் அரசாங்கம் ஏதாவது கொடுத்தால் தேவலை.

மார்ச் 30, சனி

அதேதான். இன்று குறடு.

ஏப்ரல் 9

மானியம் கிடைக்கவில்லை. அறுபது மதிப்பெண் வேண்டும், எங்களுக்கு ஐம்பத்தெட்டு. காரணம்: "தடுக்கப்பட்டதாகக் கூறப்படும் நிகழ்வுக்குப் போதிய ஆதாரம் இல்லை." சிரித்துச் சிரித்து அக்காவுக்கு விக்கல் வந்துவிட்டது. அத்தான் அந்தக் கடிதத்தில் இரண்டு பிழைகள் கண்டுபிடித்தார். பேனாவை எடுத்துவிட்டு, அப்புறம் திரும்ப வைத்துவிட்டார்.

சலவைக்கடை அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "காலி பண்ணிட்டு எங்க போவீங்க? என் இஸ்திரிப் பெட்டிங்களை அப்புறம் யார் பார்ப்பா? டிசம்பர் வரைக்கும் இருங்க" என்று சிடுசிடுத்தார். இதை ஒரு பக்கத்தில்கூட எழுதச் சொல்லவில்லை அவர்.

ஏப்ரல் 18, வியாழன்

காலையில் கதவைத் திறந்தால் எலக்ட்ரீஷியன் நிற்கிறார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டுமாம், பத்து மணிக்கு டாக்டர். கடையில் ஒரு ஆள் வேண்டும், மோட்டார் வாங்க ஒருவர் வருவார். உள்ளே பார்த்துக்கொண்டே என்னிடம், "எல்லாரையும் கேட்டுட்டேன். ஒருத்தனும் சிக்கலை" என்றார்.

அத்தான் மாடிப்படியில் நின்றிருந்தார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் எலக்ட்ரீஷியன் என்னைத் தாண்டிப் போய்ச் சாவியை அவரிடமே நீட்டினார். "ஒரு மணி வரைக்கும். எதையும் பிரிச்சுப் போட்டுடாதீங்க."

அத்தான் சட்டையை மாற்றிக்கொண்டு போனார். நானும் அக்காவும் அரைமணிக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தோம். ஒன்றரைக்கு வந்தார், சாப்பிட உட்கார்ந்தார். மோட்டார்க்காரர் வந்தாரா என்று அக்கா கேட்டாள்.

"வந்தார். கடைக்காரர் எங்கே, நீங்க யாருன்னு கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

அத்தான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பல் பிடுங்கப் போயிருக்கார், நான் அவர் சிநேகிதன்னு சொன்னேன். அவர் வந்தப்புறமும் அந்த ஆள் அங்கேயே நின்னு, இவர் உங்க சிநேகிதராமேன்னு கேட்டுட்டார்."

"அவர் என்ன சொன்னார்?"

"வாயில பஞ்சு" என்றார் அத்தான். "ஆமான்னு தலையை ஆட்டினார்."