அக்காவின் கழுத்திலிருந்த ஆறு திருகாணிகள்

என் ஆசைப் பஞ்சவர்ணத்து அக்கா,

நீ இருக்கும் இடத்தில் அண்ணாந்து பார்க்க முடிகிறதா உனக்கு? முதலில் அதைச் சொல். நேற்று விடியற்காலையிலும் கனவில் வந்தாய். தலையில் அதே மணல் சட்டி, ஆனால் சட்டிக்குள் மணல் இல்லை, தண்ணீர். தண்ணீருக்குள் மீன் ஓடுகிறது. ஒரு சொட்டுச் சிந்தாமல் சாரத்தில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கிறாய். "அக்கா, எறக்கி வையி" என்று கத்துகிறேன். உன்னால்தான் குனிய முடியாதே, என்னைப் பார்க்காமலேயே சிரித்துவிட்டு மேலே போனாய்.

இங்கே சேதி கொஞ்சம் சரியில்லை. என் வலது கையில் மூன்று விரல் மரத்துப்போய்விட்டது. ஊசி கையில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தால் ஒன்று கிழக்கே பார்க்கிறது, ஒன்று மேற்கே பார்க்கிறது. இந்தக் கடிதத்தையே பாரேன், கோழி கிறுக்கின மாதிரி இருக்கிறது. புதுக்கோட்டையில் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கையே போய்விடும் என்றார் டாக்டர்.

நீ இருபது வருடம் சித்தாளாகத் தலையில் கல்லும் மண்ணும் சுமந்தாய். அந்த இருபது வருடமும் அதற்கப்புறமும் நான் அன்னவாசல் கடைவீதியில் தையல் மெஷின் மேல் குனிந்து கிடந்தேன். நீ சுமந்து வாங்கின கழுத்து நோவை நான் குனிந்து வாங்கியிருக்கிறேன். கடவுள் நம் இரண்டு பேரையும் ஒரே துணியில் வெட்டியிருக்கிறான் போல.

பயந்துவிட்டேன் அக்கா. மூன்று மாதம் டாக்டர் பக்கமே போகவில்லை. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, ஒன்றுமில்லாதது மாதிரி உட்கார்ந்திருந்தேன். துணி வாங்க வந்த ஒருத்தி, "கழுத்துல கத்தி வச்சா அம்புட்டுத்தான். ஒங்க அக்கா கதி தெரியும்ல?" என்று சொல்லிவிட்டுப் போனாள். நீ போனது மாரடைப்பில், அதுவும் பிளேட் வைத்துப் பதினோரு வருடம் கழித்து என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயாடி, வாயாடி என்பாயே, அந்த வாய் எங்கே போனது? ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் உனக்குக் குரலே எழும்பாமல் வெறும் காற்றாகப் பேசினாயே, அது மட்டும்தான் என் காதில் நின்றது.

அதற்கப்புறம் நீ ஊரையே கூட்டுகிற மாதிரி பேசினதை ஏன் மறந்தேன்?

கழுத்துப் பட்டையைக் கழற்றிய மாதம் சித்தன்னவாசல் போனோமே, நினைவிருக்கிறதா? "இம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டு ஒருதரம் பாக்கலையே" என்று நீதான் கூட்டிப்போனாய். குகைக்குள் எல்லோரும் அண்ணாந்து கூரையில் எழுதியிருந்த தாமரைக் குளத்தைப் பார்க்கிறார்கள். நீ நேராகத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கழுத்தில் மூன்று எலும்பை ஒன்றாகப் பூட்டிவிட்டார்கள், தலை மேலே போகவில்லை. "மீன் இருக்குக்கா, ஆனை இருக்கு, வாத்து நீஞ்சுது" என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். "நீ சொல்லி நான் எதுக்குக் கேக்கணும்?" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்தரையில் மல்லாக்கப் படுத்துவிட்டாய்.

காவலாளி ஓடி வந்தார். "எந்திரிங்கம்மா! இங்கெல்லாம் படுக்கக்கூடாதுங்க."

"படுக்கலைங்க, பாக்குறேன். கழுத்துல பிளேட்டு இருக்கு, அண்ணாந்தா வராது."

அவர் உன் கழுத்துத் தழும்பைக் குனிந்து பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "அங்கிட்டுச் சுத்திப் போங்க" என்றார். நீ எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தாய்! "கொளத்துக்கு அடியில கெடக்குற மாதிரி இருக்கு தேனு. நீயும் வந்து படு" என்றாய். நாலு பேர் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கம். நான் படுக்கவில்லை.

உன் வீட்டுக்காரரைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன்னை எரித்த மறுநாள் பங்காளிகளோடு எலும்பு பொறுக்கப் போனார் மாமா. சாம்பலில் கருத்துக் கிடந்த பிளேட்டை, பாடையில் அடித்த ஏதோ தகரம் என்று ஒருவர் தூக்கி எறிந்துவிட்டார். மாமா போய் எடுத்து வேட்டியில் துடைத்து, "இது அவ கழுத்துய்யா" என்றாராம். "ஒடம்போட பொறந்ததா அது? எலும்போட சேத்து ஆத்துல விடக்கூடாது" என்றார்கள். "சரி, விடல" என்றவர், அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நீ மணல் சலித்த சல்லடையை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லி, உச்சிவெயில் ஏறும்வரை கொத்தனாரான மாமா சாம்பலைச் சலித்திருக்கிறார். தோட்டுத் திருகாணி அளவுதான் ஒவ்வொரு ஸ்குரூவும். ஆறும் கிடைத்த பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

போன வாரம் பிளேட்டையும் ஸ்குரூவையும் மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு மாமா கடைக்கு வந்து நின்றார்.

"வா தேனு, டாக்டருகிட்டப் போவோம். புதுசு எதுக்கு? அவளோடது இருக்குல்ல."

சிரிப்பதா, அழுவதா? புளி போட்டு விளக்கிப் பளபளவென்று வைத்திருந்தார் அக்கா. அந்த முகத்தைப் பார்த்து வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மூன்று மாதம் தாண்டாத வாசலை அன்றைக்குத் தாண்டினேன்.

டாக்டரின் மேசையில் மாமா முடிச்சை அவிழ்த்து வைத்தார். "இத இவளுக்கு வச்சிர முடியுங்களா? அக்காளுக்குச் சேந்தது தங்கச்சிக்குச் சேராதுங்களா?" நர்ஸ் பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டது. டாக்டர் சிரிக்கவில்லை. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெருப்புல போனத மறுபடி வைக்க முடியாதுங்கய்யா. ஒவ்வொரு கழுத்துக்கும் அளவு வேற" என்றார். தையல்காரி நான், அளவு வேறு என்றால் ஒத்துக்கொள்ளத்தானே வேண்டும்? டாக்டர் அதோடு விடவில்லை. "இன்னொண்ணு சொல்றேன். இது வேல பாத்ததெல்லாம் மொதக் கொஞ்ச மாசந்தான். எலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற வரைக்கும் அசையாமப் புடிச்சுக்கிட்டிருக்கும். ஒட்டினதுக்கப்புறம் அந்தம்மா தலை நின்னது அவங்க சொந்த எலும்புலதான்."

மாமா பிளேட்டையும் ஆறு ஸ்குரூவையும் ஒவ்வொன்றாகத் துணியில் அடுக்கினார். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, துடைக்கவும் இல்லை. "பாத்தியா தேனு? நாந்தான் இரும்பு தாங்குது, இரும்பு தாங்குதுன்னு நெனச்சுக்கிட்டே இருந்திருக்கேன். அவளாத்தான் நின்னிருக்கா" என்றார்.

அங்கேயே பேனாவைக் கேட்டு வாங்கினேன். விரல் பிடிக்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். வருகிற வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், இருக்கத்தான் செய்கிறது. மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், சட்டைப் பையில் நீ இருப்பாய். நான் எழுந்து நடந்த பிறகு, உன் எலும்பு போன ஆற்றிலேயே அந்தப் பிளேட்டையும் விட்டுவிடப் போகிறாராம். "அதுக்குத்தான் வேல முடிஞ்சு போச்சே" என்கிறார். இந்தத் தடவை பங்காளிகளைக் கேட்கப்போவதில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் கழுத்துப் பட்டையைக் கழற்றிய மறுநாள் சித்தன்னவாசல் போவேன். என் தலை மேலே போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, அந்தக் கல்தரையில் மல்லாக்கப் படுப்பேன். நாலு பேர் இல்லை, நாற்பது பேர் பார்க்கட்டும். பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டிருப்பேன். சட்டியை இறக்கி வைத்துவிட்டு வா அக்கா.

ஒரே துணியில் வெட்டிய உன் தங்கச்சி,
தேனு