மச்சான், மிசிர்ப் புத்தகங்கள் பத்திரம்

என் அருமை மச்சான் தங்கவேலு,

முதலில் நல்ல சேதி. உன் மிசிர்ப் புத்தகங்கள் ஆறும் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றுகூட எரியவில்லை. ஐந்து, பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலை அலமாரியில் பூட்டோடு இருக்கின்றன. மீதி ஒன்று எங்கே என்று பிறகு சொல்கிறேன், அவசரப்படாதே.

வாசகசாலைக்காரர்கள் ஆண்டு மலருக்காக உன்னைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி ஊருக்குச் சொல்வானேன், உன்னிடமே பேசிவிடுவோம், ஊர் வேண்டுமானால் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். கிள்ளானில் துணி கிழித்து விற்கிறவனுக்கு எழுத்து எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியும். பிழை இருந்தால் மனசுக்குள் திருத்திக்கொள். உயிரோடு இருந்தபோது வாய்விட்டே திருத்துவாய், நாலு பேர் முன்னால் வைத்து.

நாம் சேர்ந்ததே ஒரு துணிமூட்டையால்தான். நீ ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கணக்கு எழுதும் கிராணி. எனக்கு வந்த மூட்டையில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் சீட்டை வாசித்துவிட்டு, "பாய், இது எகிப்துப் பருத்தியாம்" என்றாய். எகிப்து எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கடலையும் ஆற்றையும் விரலால் மேசை மேல் வரைந்து காட்டினாய். "அட, நம்ம மிசிரு! மூசா நபி பொறந்த ஊரு. அதைப் போயி எகிப்து கிகிப்துங்கிறியே" என்றேன். அன்றைக்குத் தொடங்கிய வழக்கு கடைசிவரை தீரவில்லை. நீ எகிப்து என்றாய், நான் மிசிர் என்றேன். இதற்கு நடுவில் பாய் மச்சான் ஆனது எப்போது? எனக்கு ஞாபகம் இல்லை. உனக்கு இருக்கிறதா?

ரப்பர் விலை விழுந்து துரைமார்கள் மூட்டை கட்டியபோது, காப்பார் பக்கத்துத் தோட்ட பங்களா ஒன்றின் சாமான்களை லேலோங் போட்டார்கள். எல்லோரும் நாற்காலியையும் கட்டிலையும் ஏலம் கேட்க, நீ மட்டும் மூலையில் கிடந்த ஒரு கட்டுப் புத்தகத்தைக் கேட்டாய். போட்டிக்கு ஆளே இல்லை. ஐந்து புத்தகங்கள், எல்லாமே மிசிரைப் பற்றி. ஆறாவதைச் சீமைக்கு எழுதி வரவழைத்தாய். கப்பல் சூயஸ் கால்வாய் வழியாகத்தானே வரவேண்டும்? "மிசிரப் பத்தின புத்தகம் மிசிரப் பார்த்துட்டே வருது, நாமதான் பார்க்கல" என்று நான் சொன்னதற்கு இரண்டு நாள் சிரித்தாய்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலேறி உன் குவாட்டர்ஸுக்கு வந்துவிடுவேன். நீ ஒரு பக்கம் படித்துத் தமிழில் சொல்வாய், நான் குறுக்கே பேசுவேன். இருப்பதிலேயே தடித்தது அரசர்களின் வரலாறு. புதிதாகக் கேட்டு வருகிறவர்களுக்கு அதைக் கொடுக்கவே மாட்டாய். "ராஜாக்க பேரை மொதல்ல படிச்சா கொட்டாவிதான் வரும். மனுசங்களை மொதல்ல படிங்க" என்று அந்த ஜனங்களின் அன்றாட வாழ்க்கையைச் சொல்லும் புத்தகத்தை நீட்டுவாய். அவர்கள் ரொட்டி சுட்டதும், வெங்காயம் தின்றதும், தறி நெய்ததும் அதில்தான் இருந்தன. செத்தவர் உடம்பில் சுற்றிய துணியின் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த நயத்தில் கிள்ளானில் எந்தக் கடையிலும் சரக்கு கிடையாது, என் கடை உட்பட, என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அதைக்கூட நோட்டில் குறித்துக்கொண்டாய். இன்னொரு புத்தகம் சித்திர எழுத்துப் பழக. காசிம் என்ற என் பெயரைக் கூடை, கழுகு, மடித்த துணி, நாணல், ஆந்தை என்று வரைந்து கொடுத்தாய். 'ஸ' என்ற ஓசைக்கு அவர்கள் மடித்த துணியைத்தான் போடுவார்களாம். ஜவுளிக்காரனுக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா என்று கேட்டாய்.

பிறகு அந்தப் பலகை விவகாரம். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சீமையிலிருந்து வந்த ஆறாவது புத்தகத்தில், தோண்டித் திறந்த அரசர் கல்லறையின் போட்டோப் படங்கள் இருந்தன. ஊருக்கெல்லாம் காட்ட வேண்டும் என்று உனக்கு ஆசை. வாசகசாலை வாசல் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதினாய்: 'எகிப்து அரசரின் சமாதி. மூவாயிரம் ஆண்டுகளாக உடல் அழியவில்லை. ஞாயிறு காலை, படங்களுடன்.' எங்கள் வழக்கப்படி கபுர் என்று எழுதச் சொன்னேன். "கபுருன்னா எங்காளுங்களுக்குப் புரியாது மச்சான்" என்றாய். சமாதி என்றது உன் ஆட்களுக்கு மிக நன்றாகப் புரிந்துவிட்டது.

ஞாயிறு காலை செந்தூலிலிருந்து ஒரு பஜனைக் கோஷ்டி ஜால்ராவோடு வந்து இறங்கியது. பின்னாலேயே தேங்காய், பழம், பூ. மூவாயிரம் வருஷம் உடல் அழியாமல் இருக்கிறார் என்றால் அவர் ஜீவசமாதி அடைந்த பெரிய சித்தராகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். எகிப்து என்பது பூச்சோங்குக்கு அந்தப் பக்கம் உள்ள ஏதோ கம்பம், ஏதோ குக்கிராமம் என்று நினைத்தவர்களும் உண்டு. ஓர் அம்மாள் உன்னிடமே வந்து, "தம்பி, சாமி எந்தப் பக்கம் உக்காந்திருக்கு?" என்று கேட்டார். நீ அரசர், பட்டாபிஷேகம், பதப்படுத்துதல் என்று விளக்க விளக்க, அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அதற்குள் ஒருவர் விரித்து வைத்த புத்தகத்துக்கு முன்னாலேயே தட்டில் கற்பூரத்தை ஏற்றிவிட்டார். தாள் பற்றிக்கொள்ள ஒரு சாண்தான் பாக்கி. உன் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். சும்மா இருக்குமா என் வாய்? "தொடாதீங்க! இது சாபம் புடிச்ச சமாதி! தொறந்தவன் ஒருத்தனும் உயிரோட இல்லன்னு பேப்பர்லயே போட்டிருக்கான். புத்தகத்தைத் தொட்டாலே ஆபத்து!" என்று கத்தினேன். கால் மணி நேரத்தில் கூடம் காலி. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பின்பக்கம் எல்லோருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த உன் மனைவி பாக்கியம், தம்ளரைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நான் இரண்டு முறை வந்து பார்த்தேன். இரண்டு முறையும் நீ தூக்கத்தில் இருந்தாய். மூன்றாம் முறை வந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவன், புத்தகப் பெட்டி கொல்லைப்பக்கம் மழைச்சாரலில் கிடப்பதைப் பார்த்தேன்.

"தங்கச்சி, பெட்டி ஏன் வெளிய கெடக்கு?"

"வீட்டுக்குள்ள வேணாம்ணே. நீங்கதானே சொன்னீங்க, தொட்டாலே ஆபத்துன்னு. அவரு தொடாத நாள் உண்டா?"

தலையில் கல்லைப் போட்டது போல இருந்தது. செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்யும் அவள் அண்ணன் ஆறுமுகம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவன் வீட்டுக்குத்தான் அவள் போக வேண்டும். "திங்கக்கெழம கொண்டுபோயி எஞ்சின் அடுப்புல போட்டுர்றேன் லா. எங்க வீட்டுல வெக்க எடமும் இல்ல" என்றான்.

"அது பொய்ம்மா! கற்பூரத்துக்குப் பயந்து சொன்ன பொய்" என்றேன்.

"பேப்பர்ல போட்டிருக்குன்னு சொன்னீங்களே."

"எவனோ கதை கட்டினான். தங்கவேலுதான் படிச்சுக் காட்டிச் சிரிச்சான். எனக்கு இங்கிலீசு தெரியுமா?"

"படிக்கத் தெரியாம எப்படிண்ணே பொய்யின்னு சொல்றீங்க?"

உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவும் வழி இல்லை. உன் ஆறு புத்தகங்களும் என் வாய்க்கொழுப்பால் அடுப்புக்குப் போகின்றன என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்குள் இருந்தது. காய்ச்சல் வேகத்தில் நீயும் அந்தப் பொய்யை நம்பியிருப்பாயோ? பயந்துகொண்டே போனாயோ?

பெட்டியைத் திறந்தேன். "தொறக்காதீங்கண்ணே" என்று பாக்கியம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "இந்தா, நான் தொட்டாச்சு, எனக்கு என்ன ஆகுதுன்னு பாரு" என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். அன்றாட வாழ்க்கைப் புத்தகத்தை எடுத்தபோது, உள்ளே பென்சில் வைத்திருந்த இடத்தில் தானாக விரிந்தது. ஒரு பெண் மண்டியிட்டுக் கல்லில் தானியம் அரைக்கும் படம். ஓரத்தில் பென்சிலால் உன் தமிழ். வரி கோணலாக இறங்கிப் போயிருந்தது. நான் சத்தமாக வாசித்தேன்:

'காய்ச்சல் விட்டதும் பாக்கியத்துக்குக் காட்ட வேண்டும். அரைக்கும்போது இதே கோபம்.'

சுவரைப் பார்த்திருந்தவள் திரும்பினாள். கிட்டே வந்து எழுத்துக் கூட்டித் தானே ஒரு முறை வாசித்தாள். படத்தைப் பார்த்தாள். "நானா கோவமா அரைக்கிறேன்?" என்று உன்னைக் கேட்பது போலவே கேட்டாள். பிறகு சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, மச்சான். காய்ச்சலிலும் நீ பயப்படவில்லை. பெண்டாட்டியைக் கேலி செய்துகொண்டு படுத்திருந்தாய்!

திங்கட்கிழமை ஆறுமுகம் பெட்டியைச் சைக்கிளில் கட்டி வாசகசாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். எண்ணிப் பார்த்தால் ஐந்துதான் இருந்தது. அந்த அன்றாட வாழ்க்கைப் புத்தகத்தைத் தங்கச்சி மடியை விட்டு இறக்க மாட்டேன் என்றுவிட்டாள். "முதல்ல அதைத்தாம்மா எல்லாருக்கும் குடுக்கணும், அது இல்லாட்டி ராஜாக்களைப் படிச்சிட்டு ஓடிருவாங்க" என்று மன்றாடிப் பார்த்தேன். "அப்ப படிக்கிறவங்க செந்தூலுக்கு வரட்டும்" என்றாள். வருகிறார்கள், நம்புவாயா? ஆறுமுகம் வீட்டு முன்னறையில் பாய் விரித்து, நீ சொல்லி அவள் கேட்டதையெல்லாம் படத்தைக் காட்டிச் சொல்கிறாள். உன்னைவிட நன்றாகவே சொல்கிறாள். பலகையில் இப்போது 'கல்லறை' என்று எழுதியிருக்கிறார்கள். தேங்காயோடு யாரும் வரவில்லை.

இன்னொன்று. நீ சீமைக்கு எழுதிப் போட்டிருந்த ஏழாவது புத்தகம், நீ போன பிறகு உன் பெயருக்கே வந்து சேர்ந்தது. வாசகசாலைக்கு வரும் வாத்தியார் ஒருவர் அதைப் படித்துச் சொன்னார். மிசிரில் செத்துப்போன சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவார்களாம், அவர்களுக்குச் சோறு வைக்கும் கிண்ணத்திலேயே. வீட்டு விவரம் சொல்வார்களாம், உதவி கேட்பார்களாம், சண்டைகூடப் போடுவார்களாம். எனக்கு எழுதத் துணிச்சல் வந்தது அங்கிருந்துதான்.

போன வாரம் செந்தூலுக்குப் போய் பாக்கியத்திடம் விஷயத்தைச் சொல்லி, அவள் பங்குக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "சாபம்னு நான் சொன்னது சும்மாண்ணே" என்றாள்.

"என்னம்மா சொல்றே?"

"நீங்க கத்தினது பொய்யின்னு எனக்கு அன்னைக்கே தெரியும். வீட்டுக்கு வந்து அவரும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

"பின்ன ஏன் எரிக்கச் சொன்னே?"

"தொறந்தா உள்ள அவரு கையெழுத்து இருக்கும்ல. அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. அதை வெளிய சொல்ல முடியுமா? நீங்க கைக்குக் கெடச்சீங்க, உங்க தலையில போட்டுட்டேன். மன்னிச்சுக்குங்கண்ணே."

நான் மன்னிப்பதா! இத்தனை மாதம் என் நாக்கால் ஒரு குடும்பத்தையே பயமுறுத்திவிட்டேன் என்று சோறு இறங்காமல் இருந்தவன் நான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், நல்ல அழுகை. ஆறுமுகம் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

அந்தப் புத்தகம் முழுக்க ஓரங்களில் நீ எழுதி வைத்திருக்கிறாய். தங்கச்சி வாரத்துக்கு ஒன்றுதான் படிக்கிறாள். இரண்டாவதைப் படிக்கச் சொன்னால், "தீந்துருமேண்ணே" என்கிறாள். தீரும் மச்சான், ஒரு நாள் தீரத்தான் செய்யும். அதனால் வாத்தியாரிடம் ஏ, பி, சி தொடங்கிவிட்டேன், இந்த வயதில், கடைப்பையன்கள் சிரிக்கச் சிரிக்க. உன் குறிப்பு தீர்ந்துபோகிற வாரத்தில், நடுவில் அச்சடித்திருப்பதை முதல் வரியிலிருந்து நான் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். இது சத்தியம்.

பாக்கியத்தின் அண்ணன்,
உன் மச்சான்
காசிம்