எல்லாத் திரையிலும் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று கம்பஸுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கணினி அறைகளை எட்டிப் பார்த்தேன். உங்கள் படம் ஒன்றிலும் இல்லை. முழங்கால் நோவு குறைந்ததா? போனில் உங்களுக்குக் கேட்காதபடியால் எழுதுகிறேன். நான் சுகம்.

நேற்று ஒரு கூத்து நடந்தது. நான் ஒரு கணினியில் அமைப்பதைத்தான் கம்பஸ் முழுக்க எல்லாக் கணினிகளுக்கும் அனுப்புவோம். முந்தின நாள் அந்தக் கணினித் திரையின் பின்னணியாக உங்கள் படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்க மறந்து அப்படியே அனுப்பிவிட்டேன். கிணற்றடியில் "படம் எடுக்காதை" என்று விரல் நீட்டி ஏசுகிறீர்களே, அந்தப் படம்!

"யாரு மிஸ் இந்தம்மா? பேஸ்புக் தொறக்கவே பயமா இருக்கு," என்றாள் புசல்லாவையிலிருந்து படிக்க வந்த பிள்ளை ஒருத்தி.

என் மேலதிகாரி இராமநாதன் சேர் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மாவையே கூட்டிட்டு வந்துட்டீங்க. இனி இங்க நிரந்தரமாக்குற கடிதத்துல கையெழுத்துப் போட என்ன தயக்கம்? வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

பின்னேரம் கம்பஸ் சின்னத்தைத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு திரையாக நீங்கள் மறைந்தீர்கள்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, அனுப்புங்கோ. போர்த்துக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்றும் வேண்டும். இங்கே குளிர். கட்டினதை அப்படியே அனுப்புங்கோ, தோய்க்க வேண்டாம்.

அறைக்குப் போகிற குண்டசாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒருவருக்கும் இன்னும் சொல்லவில்லை, அம்மா: இந்த ஒப்பந்தம் முடிய வீட்டுக்கே வந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போடப்போவதில்லை.

மகள் தவமலர்