தெருமுனை வரை பதில் வருகிறது

என்னங்க, வணக்கம். முதலில் நல்ல செய்திகள். பேத்திக்குக் கம்பெனியில் பதவி உயர்ந்துவிட்டது. பேரன் கணக்கில் வகுப்பிலேயே முதலாவது. நான் இங்கே பார்த்துக்கொள்ள வந்த கைக்குழந்தையும் சளைத்தவன் இல்லை, நேற்று குப்புறக் கவிழ்ந்துவிட்டான். நான் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

வீடியோவில் உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு வாரமாயிற்று. போனில் கேட்டால் “நெட் சரியில்லை” என்கிறீர்கள். நெட்டைச் சரிபார்ப்பதுதானே பேத்தியின் வேலை? இங்கிருந்து நம் வீடு வரை வழியில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் கூப்பிட்டுப் பார்த்தாள்.

“பாட்டி, தெருமுனை வரைக்கும் எல்லாம் பதில் சொல்லுது. நம்ம வீட்டு நெட் பெட்டி மட்டும் வாயே திறக்கல.”

“கெட்டுப்போச்சாடி?”

“காலையில நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க கூப்பிடற நேரத்துக்குத்தான் தாத்தா ஸ்விட்சை அணைக்கிறார்!”

என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன். பிறகுதான் போனில் உங்கள் பேச்சோடு காற்றும் சேர்ந்து வந்தது நினைவுக்கு வந்தது. முன்பல் போய்விட்டது, அவ்வளவுதானே? அதை என்னிடமா மறைப்பது? சாதத்தைக் குழைய வடித்துச் சாப்பிடுங்கள்.

குழந்தை எழுந்துவிட்டான், முடிக்கிறேன். பகலில் எல்லோரும் வேலைக்குப் போனபின் எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க உங்கள் முகம் வேண்டும். தபாலை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. வாயைத் திறந்து சிரித்தபடி புதுப் போட்டோ ஒன்று எடுத்து அனுப்புங்கள்.